உயிருக்கு விலை பேசறது யாருங்க?

சைக்கிள் ஹெல்மெட் விஷயத்துல நம்ம ஊர்ல ரெண்டே கட்சிதான். "சைக்கிளுக்குப் போய் ஹெல்மெட்டா?"ன்னு சிரிக்கிற கட்சி ஒண்ணு. "நல்லதா வேணும்னா அஞ்சாயிரம் ஆகும் சார்"ங்கிற கட்சி இன்னொண்ணு. அடிச்சுக்கிற மாதிரி தெரிஞ்சாலும் ரெண்டும் சேர்ந்து செய்யற வேலை ஒண்ணுதான். தினம் சைக்கிள்ல வேலைக்குப் போறவன வெறுந்தலையோட அனுப்பி வைக்கிறது.

நான் சீலநாயக்கன்பட்டிப் பக்கமிருந்து செவ்வாய்ப்பேட்டைக்கு தினமும் சைக்கிள்ல போறவன். விளையாட்டு வீரன் இல்லை. ஞாயித்துக்கிழமை கலர் கலரா டிரஸ் போட்டு ஏற்காடு அடிவாரம் போய் போட்டோ எடுக்கிற கோஷ்டியும் இல்லை (அவங்க மேல கோபமில்லீங்க, நல்லா இருக்கட்டும்). கேரியர்ல டிபன் பாக்ஸ், ஹேண்டில்பார்ல ஒரு பை, அவ்வளவுதான். இந்த மாதிரி ஆளுங்க சேலம், நாமக்கல் பூரா இருக்காங்க. பள்ளிபாளையத்துல தறிக்குப் போறவங்க, நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறைக்குப் போறவங்க, ராசிபுரம் பக்கம் பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க. கடைக்காரங்க கண்ணுக்கு மட்டும் இவங்க யாரும் "சைக்கிளிஸ்ட்" இல்லை.

போன மாசம் சேலத்துல ஒரு கடைக்குப் போனேன் (பேர் வேண்டாம்). எடுத்த எடுப்புல 4,800 ரூபாய் ஹெல்மெட்டக் கையில குடுத்தார் விற்பனையாளர். கம்மியா எதாச்சும் காட்டுங்கன்னேன். "சார், உயிருக்குப் போய் விலை பேசறீங்களே"ன்னு ஒரு போடு போட்டார். பக்கத்துல நின்னவங்க எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. சரி, உயிருக்கு விலை பேசறது யாருன்னு பாத்துடலாம்.

சைக்கிள் ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிறது என்ன? தெர்மாகோல். டிவி பெட்டிக்குள்ள வருமே, அதே ஜாதிதான், அடர்த்தி மட்டும் ஜாஸ்தி. விழும்போது அது நசுங்கி, தலைக்கு வர்ற அடிய வாங்கிக்குது. ஐரோப்பாவோட இ.என். 1078 தரத்துக்கு, தலை மாதிரி செஞ்ச உருவத்துல ஹெல்மெட்ட மாட்டி ஒன்றரை மீட்டர் உயரத்துலருந்து தட்டை இரும்பு மேல போடறாங்க. உள்ள பதிவாகிற அதிர்ச்சி 250 ஜி-யத் தாண்டக் கூடாது. அமெரிக்காவுல சி.பி.எஸ்.சி. தரம், 2 மீட்டர் உயரம், 300 ஜி. அங்க 1999-லருந்து அது சட்டம். ஆயிரம் ரூபாய் ஹெல்மெட்டுக்கும் பதினஞ்சாயிரம் ரூபாய் ஹெல்மெட்டுக்கும் பரீட்சைத் தாள் ஒண்ணுதான். பணக்காரத் தலைக்குன்னு தனி கேள்வித்தாள் கிடையாது.

அமெரிக்காவுல சைக்கிள் ஹெல்மெட் பாதுகாப்புக்குன்னே ஒரு அமைப்பு இருக்கு. 150 டாலருக்கு மேல விலை போட்ட மூணு மாடலையும் 20 டாலருக்குக் கீழ மூணு மாடலையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிப் பார்த்தாங்க. அடி தாங்கறதுல கிட்டத்தட்ட ஒரே முடிவு. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018-லருந்து, தலை முறுக்கிக்கிற மாதிரி படற அடியையும் அளந்து நட்சத்திரம் குடுக்குது. அதுலயும் விலை ஏற ஏற நட்சத்திரம் ஏறிக்கிட்டே போகல.

அப்ப மிச்சக் காசு எதுக்கு? எடை கொஞ்சம் குறையும், பார்க்க ஸ்டைலா இருக்கும், காத்துத் துவாரம் அதிகம் இருக்கும். இதுல துவாரத்தை மட்டும் நான் கேலி பண்ண மாட்டேன். சித்திரை வெயில்ல கொண்டலாம்பட்டி பைபாஸ்ல போய்ப் பாருங்க, தெரியும். ஒரு இருநூறு முந்நூறு கூடக் குடுக்கிறதா இருந்தா துவாரத்துக்குக் குடுங்க. உள்ளே ஒரு மெல்லிசு பருத்தித் துணிய நனைச்சுக் கட்டிக்கிட்டா இன்னும் சுகம்.

கம்மி விலைன்னு சொன்னதும் சைக்கிள் கடை வாசல்ல சரஞ்சரமாத் தொங்கற பிளாஸ்டிக் தொப்பிய வாங்கிடாதீங்க. உள்ள திருப்பிப் பாருங்க. இ.என். 1078 இல்ல சி.பி.எஸ்.சி.ன்னு ஸ்டிக்கர் இல்லைன்னா அது பொம்மை. "ஐ.எஸ்.ஐ. இருந்தாப் போதும்"னு சிலர் சொல்வாங்க. ஐ.எஸ். 4151 மோட்டார் வண்டி ஹெல்மெட்டுக்கான தரம். 2021 ஜூன் 1-லருந்து அந்த முத்திரை இல்லாத ஹெல்மெட்ட விக்கக் கூடாதுன்னு மத்திய அரசு உத்தரவு போட்டுச்சே, அதுவும் மோட்டார் இருக்கிற இரு சக்கரத்துக்கு மட்டும்தான். சைக்கிள்காரன் தலை அந்தக் கணக்குலயே வரல.

அப்ப வீட்ல சும்மா கிடக்கிற பைக் ஹெல்மெட்டையே மாட்டிக்கலாமேன்னு ஒரு யோசனை வரும். ஒரு கிலோவுக்கு மேல கனம், காது அடைப்பு, மிதிச்சா மூச்சு முட்டும். ரெண்டே நாள்ல ஆணியில மாட்டிடுவீங்க. சைக்கிள் ஹெல்மெட் முந்நூறு கிராம் சுத்துவட்டாரம்தான்.

"லாரி அடிச்சா இந்தத் தெர்மாகோல் காப்பாத்துமா?" காப்பாத்தாதுங்க. ஹைவேஸ்ல வர்ற லாரிகிட்ட இருந்து காப்பாத்த வேண்டியது தனிப் பாதை. நெதர்லாந்துல பெரும்பாலானவங்க ஹெல்மெட் இல்லாமலே ஓட்டறாங்கன்னா, அங்க அந்தப் பாதை இருக்கு. இங்க நாம விழறது வேற மாதிரி. ரோட்டோரம் குவிஞ்ச மணல், வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை, குறுக்க பாயற நாய், பட்டுனு திறக்கிற கார் கதவு. அந்த வேகத்துக்கும் உயரத்துக்கும்தான் மேல சொன்ன பரீட்சையே.

வாங்கப் போகுமுன்ன டெய்லர் டேப்பால புருவத்துக்கு மேல தலைச் சுத்தளவ அளந்துக்கங்க. மாட்டினா புருவத்துக்கு மேல ரெண்டு விரல் இடம்தான் தெரியணும், சாமியார் தலைப்பாகை மாதிரி பின்னால சரியக் கூடாது. வார் காதுக்குக் கீழ சேரணும், தாடைக்கும் வாருக்கும் நடுவுல ஒரு விரல், மிஞ்சினா ரெண்டு. தலைய ஆட்டிப் பாருங்க, ஹெல்மெட் தனியா ஆடினா விலை எவ்வளவா இருந்தாலும் அது உங்களுக்கில்லை. ஒரு தடவை பலமா அடி பட்டதை, வெளிய கீறல் தெரியாட்டியும் தூக்கிப் போட்டுடணும். அதனாலதான் பழசு வாங்காதீங்கங்கிறேன்.

கடைசியா அரசாங்கத்துக்கு ஒரு கேள்வி. 2001-02-ல ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குன்னு ஆரம்பிச்ச விலையில்லா சைக்கிள் திட்டம், படிப்படியா அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள்ல 11-ஆம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு விரிஞ்சுது. அருமையான திட்டம், சந்தேகமே இல்லை. எத்தனை பொண்ணுங்க அந்த சைக்கிளாலதான் பிளஸ் டூ முடிச்சாங்கன்னு நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரியும். ஆனா சைக்கிளக் குடுத்து அதே ரோட்டுக்கு அனுப்பறவங்க, தலைக்கு ஒண்ணும் குடுக்கலையே? சைக்கிள லட்சக்கணக்குல மொத்தமா வாங்கறீங்க. அதோட ஹெல்மெட்டையும் சேர்த்து வாங்கினா ஒண்ணு என்ன விலைக்கு வரும்? ஒரு டெண்டர் போட்டுப் பாருங்களேன்.