முத்துலட்சுமி பிறந்த மண்ணிலிருந்து ஒரு கேள்வி: பாதி எங்கே?



"பொம்பளைக்கு எதுக்கு அரசியல்?" இந்தக் கேள்வி இப்பவும் கமெண்ட்ல வருது. நம்ம ஊருக்கு இது பழைய கேள்வி.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மன்னர் கல்லூரியில் சேரப் போனபோதே எதிர்ப்பு. மன்னர் சம்மதிச்சார், கதவு திறந்தது. 1927-ல் சென்னை சட்டமன்றத்தின் முதல் பெண் உறுப்பினர், அவையின் துணைத் தலைவர். தேவதாசி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். பண்பாடு போச்சு, மதம் போச்சுன்னு சனாதனிகள் கொதிச்சாங்க. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியே எதிர்த்தார். அம்மையார் அசரல. 1947-ல் சட்டமே வந்தது.

இன்னைக்கும் அதே கூட்டம்தான், ஊர்தான் வேற. ஜெர்மனியின் துரிங்கியா மாநிலம், வேட்பாளர் பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறி மாறி இருக்கணும்னு 2019-ல் சட்டம் போட்டது. தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி வழக்குப் போட்டு, 2020-ல் அதை ரத்து பண்ண வெச்சது.

நம்ம நாட்டுல? மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா முதல்ல வந்தது 1996-ல். 1998-ல் சட்ட அமைச்சர் தம்பிதுரை கையிலிருந்தே பிடுங்கிக் கிழிச்சாங்க. 2023-ல் மக்களவையில் 454 பேர் ஆதரவு, 2 பேர்தான் எதிர்ப்பு. ஆனா கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிஞ்ச பிறகுதான் அமல்னு சட்டத்துலேயே பூட்டு போட்டுட்டாங்க. கிழிக்கிறது ஒரு வகை எதிர்ப்புன்னா, கைதட்டிட்டுத் தள்ளிப்போடுறது இன்னொரு வகை.

விளைவு? 2024 மக்களவைத் தேர்தலில் 543 இடத்துல ஜெயிச்ச பெண்கள் 74 பேர். 2021-ல் நம்ம சட்டமன்றத்துக்கு 234-ல் வெறும் 12. ஆனா தமிழ்நாட்டு உள்ளாட்சியில் 50 சதவீதம் பெண்களுக்குன்னு 2016-லேயே சட்டம் இருக்கு. ஊராட்சியில முடியுது, கோட்டையில ஏன் முடியாது?

தோழர்களே, நாம செய்ய வேண்டியது மூணு:

✊ எதிரணிப் பெண் தலைவரா இருந்தாலும் உடை, உடம்பு, குடும்பத்தை வெச்சு மீம் போடாதீங்க. கொள்கையை வெளுத்து வாங்குங்க. ஆபாசமா எழுதுறவன் நம்ம கொடியை டிபியில வெச்சிருந்தாலும் நம்ம ஆள் இல்லை.

✊ கிராம சபையில தலைவர் அக்காதான் பேசணும், அவங்க வீட்டுக்காரர் இல்லை.

✊ வேட்பாளர் பட்டியல் வர்றப்ப "பாதி எங்கே?"ன்னு எல்லாக் கட்சியையும் கேளுங்க. நம்ம தலைமையையும் சேர்த்துத்தான்.

பகிருங்கள்!

#பாதி_எங்கே #முத்துலட்சுமி_மண் #புதுக்கோட்டை