காலுக்கு எத்தனை தடவை தட்சிணை?

சேலம் ஜில்லா ஏற்காட்டுக்கு மேலே, கடல் மட்டத்திற்கு 5,000 அடிக்கு அதிகமான உயரத்தில், ஒரு குகைக்குள் சேர்வராயனும் காவேரியும் குடியிருப்பதாகச் சொல்லி வருஷந்தோறும் மே மாதத்தில் திருவிழா நடத்துகின்றார்கள். இப்படிப்பட்ட மலைக்கோயில்களுக்கு ஏறுகிறவர்களில் சிலர், கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ள, பாதி வழியில் நின்றுவிடுவார்கள். சற்று நின்றால் வலி போகும். நடந்தால் மறுபடியும் வரும். உடனே "சாமி குத்தம்" என்று காசை முடிந்து வைப்பார்கள்.

தோழர்களே! நடந்தால் வலி, நின்றால் சுகம் என்பது காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபட்டிருப்பதற்கு முக்கியமான அடையாளமாகும். அதற்குக் காரணம் பீடி, சிகரெட்டு, நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, கொழுப்பு இவைகளேயல்லாமல் எந்தச் சாமியுமல்ல. கவனியாமல் விட்டால் விரல் கறுத்து, கடைசியில் காலையே எடுக்க நேரிடும்.

இதற்கு மனித அறிவு வழி கண்டிருக்கிறது. 1964-ல் அமெரிக்காவில் சார்லஸ் டாட்டர் என்னும் டாக்டர், காலை எடுக்கச் சம்மதியாத 82 வயதுக் கிழவி ஒருவருக்குக் குழாய்க்குள்ளேயே கருவியைச் செலுத்தி அடைப்பை விரித்துக் காலைக் காப்பாற்றினார். இன்று பலூன், ஸ்டெண்ட் என்று செய்யப்படுவதெல்லாம் அதன் வளர்ச்சியே.

ஆனால் விரித்த குழாய் மறுபடி சுருங்குவதுண்டு. தொடைக் குழாய் ஒவ்வொரு அடிக்கும் மடங்கி முறுக்கப்படுகிறது, விரித்த இடத்தில் புண் ஆறும்போது சதை வளர்ந்து வழியைக் குறுக்குகிறது, பீடியும் நிற்பதில்லை. ஆகவே இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை என்று ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டியதாகிறது. முதல் தடவைக்கு நகை போகிறது. இரண்டாம் தடவைக்கு ஆடு மாடு போகிறது. மூன்றாம் தடவைக்குக் காணி போகிறது. சர்க்கார் காப்பீடு 2018 முதல் குடும்பத்துக்கு வருஷத்திற்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று விரிந்தது நல்லதே. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலத்திற்குப் போய்வரும் பஸ் சார்ஜையும், இழந்த கூலியையும், துணைக்கு வந்தவன் சாப்பாட்டையும் யார் கொடுப்பது?

பரிகாரம் பலிக்கவில்லையென்றால் இன்னொரு பரிகாரம் சொல்லுகிறவன் புரோகிதன். அவனைக் கணக்குக் கேட்க முடியாது. வைத்தியம் அப்படியல்ல, அது கணக்கினால் வளர்ந்தது. 2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கால் போகும் நிலையிலிருந்து, பைபாஸுக்கு உதவும் நல்ல இரத்தநாளமும் உள்ளவர்களில், பைபாஸ் செய்யப்பட்டவர்களுக்கு 100-க்கு 9 பேரும், குழாய் வழிச் சிகிச்சை பெற்றவர்களுக்கு 100-க்கு 23 பேருக்கு மேலும் மறுபடி பெரிய சிகிச்சை தேவைப்பட்டது. முழங்காலுக்குக் கீழுள்ள அடைப்பைப் பற்றி 2023-ல் பிரிட்டிஷ் வைத்தியர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியிலோ குழாய் வழிச் சிகிச்சையே மேலாயிருந்தது. ஆகவே எல்லோருக்கும் ஒரே முறை என்பது கிடையாது. "எனக்கு எது? ஏன்? மறுபடி அடைத்தால் செலவு என்ன?" என்று கேட்பது நோயாளியின் உரிமையேயன்றி அதிகப்பிரசங்கித்தனமல்ல.

சர்க்காரையும் கேட்கிறோம். 2017-ல் இருதய ஸ்டெண்டுக்கு 7,260 ரூபாய் என்றும், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய் என்றும் உச்சவரம்பு விதித்தீர்களே, அந்த உத்திரவில் கால் ஸ்டெண்டைச் சேர்க்காததேன்? காலால் நடந்து கூலி வேலை செய்கிறவனுக்குக் கால்தானே சொத்து? ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கை இரத்த அழுத்தத்தையும் கணுக்கால் அழுத்தத்தையும் ஒத்துப் பார்த்தால் அநேக அடைப்புகள் முன்கூட்டியே தெரிந்துவிடுமே! அதற்காகும் செலவு எவ்வளவு? காலை எடுத்தபின் ஒரு குடும்பம் படும் செலவு எவ்வளவு?

கடைசியாக நம் தோழர்களுக்கு ஒன்று. பீடியை இன்றே விடுங்கள். நீரிழிவுள்ளவர்கள் தினமும் பாதத்தைப் பாருங்கள். வைத்தியர் சொல்லும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நடந்தால் வலிக்கிறதென்று உட்கார்ந்துவிடாமல், புண் இல்லாதவர்கள் வைத்தியர் யோசனைப்படி வலிக்கும் வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பதே ஒரு சிகிச்சையாகும். இதற்கு உண்டியலும் வேண்டாம், ஸ்டெண்டும் வேண்டாம். மலையேற விரும்புகிறவர்கள் தாராளமாக ஏறட்டும். ஆனால் காலைக் காப்பாற்றும் வேலையைக் குகைக்குள் இருக்கும் கல்லிடம் ஒப்படைத்துவிட வேண்டாம் என்பதே நமது வேண்டுகோளாகும்.