ஸ்கேன் படம் மட்டும் போதாது

உங்கள் வீட்டு ஆல்பத்தில், நீங்கள் பிறப்பதற்கு முன்பே எடுத்த படம் ஒன்று இருக்கலாம். மழை பெய்யும்போது கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் கறுப்பு வெள்ளையில் கலங்கலாக இருக்கும். தலை எது, கால் எது என்று அம்மா சொன்னால்தான் தெரியும். அம்மாவுக்கும் அன்று யாரோ ஒருவர் சொல்லித்தான் தெரிந்திருக்கும்.

குழந்தை நலமாக இருந்தால் அது சிரிப்போடு போய்விடும். ஆனால், கருவிலுள்ள குழந்தையின் இதயத்தில் கோளாறு என்று மருத்துவர் சொல்லும்போது, அதே கலங்கலான படத்தைப் பார்த்தபடிதான் பெற்றோர் முடிவெடுக்க வேண்டும். அந்த அறையில் ஸ்கேன் படத்தோடு நல்ல கோட்டோவியம் ஒன்றும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டு. வலது கீழறையிலிருந்து நுரையீரல் தமனி புறப்படும். இடது கீழறையிலிருந்து பெருந்தமனி புறப்படும். இரண்டும் ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து செல்லும். சில குழந்தைகளுக்கு இவை இடம் மாறி, தண்டவாளம்போல் இணையாகச் செல்கின்றன. தாயின் வயிற்றில் இருக்கும்வரை ஆக்சிஜன் நச்சுக்கொடி வழியாக வருவதால் குழந்தை நன்றாகவே வளரும். பிறந்த பிறகுதான் ஆபத்து. ஆக்சிஜன் ஏறிய இரத்தம் நுரையீரலுக்கே திரும்பிப் போகும். ஆக்சிஜன் இல்லாத இரத்தம் உடலையே சுற்றிவரும்.

இதற்குத் தீர்வு உண்டு. தமனிகளை வெட்டி இடம் மாற்றித் தைக்கும் அறுவை சிகிச்சையை 1975ல் பிரேசிலின் அடிப் ஜாட்டேன் வெற்றிகரமாகச் செய்து காட்டினார். முன்கூட்டியே தெரிந்தால், பிரசவத்தை இதய மருத்துவர்கள் இருக்கும் மருத்துவமனையில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தப் பெற்றோராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். கிட்டத்தட்ட 20 வாரக் கருவின் இதயம் ஒரு திராட்சைப் பழம் அளவுதான். நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை துடிக்கும். திரையில் சிவப்பும் நீலமும் மின்னுகின்றன. பள்ளிப் பாடத்தில் சிவப்பு என்றால் ஆக்சிஜன் மிகுந்த இரத்தம், நீலம் என்றால் குறைந்தது. டாப்ளர் ஸ்கேனிலோ, சிவப்பு கருவியை நோக்கி வரும் இரத்தம். நீலம் விலகிச் செல்வது. இதை யாரும் விளக்காவிட்டால் படித்தவர்களும் தவறாகத்தான் புரிந்துகொள்வார்கள்.

"முப்பரிமாண ஸ்கேன் இருக்கிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். ஆல்பத்தில் ஒட்டும் முப்பரிமாணப் படம் பெரும்பாலும் முகத்தைத்தான் காட்டும். மூக்கு யார் ஜாடை என்று பேச அது போதும். ஓவியர் செய்வது வேறு. தேவையில்லாத அனைத்தையும் விட்டுவிட்டு இரண்டு குழாய்களை மட்டும் வரைகிறார். அவை எங்கே கடக்க வேண்டும், எங்கே கடக்கவில்லை என்பது உடனே கண்ணில் படும்.

அழகான ஓவியமும் தவறாகலாம். லியனார்டோ டா வின்சி 1511 வாக்கில் வரைந்த கருவின் படம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் மனிதக் கருவைச் சுற்றி அவர் வரைந்த நச்சுக்கொடித் திசு பசுவுடையதைப்போல் இருக்கிறது! அதனால் ஓவியரும் உடற்கூற்றைப் படித்திருக்க வேண்டும்; மருத்துவரும் படத்தைச் சரிபார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் மேக்ஸ் புரோடெல் 1911லேயே இதற்கென ஒரு துறையைத் தொடங்கிவிட்டார். ஓவியத்தையும் உயிரியலையும் ஒன்றாக நேசிக்கும் மாணவரிடம் "ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு" என்று சொல்பவர்களுக்கு இது தெரியாது போலும்.

அடுத்த முறை இதயத்தை வரையும்போது, மதிப்பெண்ணுக்காகப் பெயர்களைக் குறிப்பதோடு நிறுத்தாதீர்கள். பெயர்களை மறைத்துவிட்டுப் பாட்டியிடம் காட்டி, இரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று கேட்டுப் பாருங்கள். அவர் விரல் எங்கே தடுமாறுகிறதோ, அந்த இடத்தை மீண்டும் வரையுங்கள்.