மூன்று பக்கத்தில் காட் வந்துவிடுமா?



தமிழ், சீனப்பள்ளி நான்காம் ஆண்டு மலாய்ப் பாடத்தில் காட் வனப்பெழுத்து வரும் என்று 2019 ஜூலையில் செய்தி வந்தது. நாம் எதிர்த்தோம். "வெறும் கலைதானே, இதற்கு ஏன் பயம்?" என்று நமக்குப் புத்தி சொன்னார்கள். சரி, கலை என்றே வைத்துக்கொள்வோம். அது எப்படிப்பட்ட கலை? தெரிந்துகொண்டு பேசுவோம்.

பத்தாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இப்னு முக்லா என்ற அமைச்சர் இருந்தார். அரபு எழுத்துக்கு அளவு வகுத்தவர் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். நாணல் பேனா முனையை அழுத்தினால் சாய்சதுரமாய் ஒரு புள்ளி விழும். அதுதான் அளவுகோல். அலிஃப் என்ற நேர்கோட்டு எழுத்து இத்தனை புள்ளி உயரம். அந்த அலிஃபை விட்டமாக வைத்து ஒரு வட்டம். மற்ற எழுத்துகளின் வளைவுகளுக்கு அந்த வட்டமே கணக்கு. அரசியல் பகையில் அவர் வலது கையை வெட்டினார்கள். 940-இல் சிறையில் இறந்தார். அவர் போட்ட கணக்கு சாகவில்லை!

குர்ஆன் படியெடுக்க நஸ்க், பள்ளிவாசல் சுவருக்குத் துலுத், உதுமானிய அரசாணைக்குத் திவானி, அன்றாட எழுத்துக்கு ருக்ஆ என்று பாணிகள் வளர்ந்தன. ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் பழகி, 'இஜாஸா' என்ற சான்று பெற்ற பிறகே மாணவன் தன் எழுத்தின் கீழ்ப் பெயர் போடுவது மரபு.

இதை மூன்று பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளைக்குக் கற்பிக்க முடியுமா? நாணல் பேனாவைத் தொட்டே பார்க்காத ஆசிரியர் என்ன செய்வார்? இது கலைக்குச் செய்யும் மரியாதையா?

இன்னொன்றும் கேளுங்கள். எழுத்தை ஏசாதீர்கள்! ஜாவி என்பது மலாய் ஒலிகளுக்காகச் சில எழுத்துகளைக் கூட்டிக்கொண்ட அரபு எழுத்து. காட் என்பது அதை அழகாக எழுதும் கலை. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா அரபு, தமிழ் வழி வந்தவர். அவர் எழுதிய 'ஹிக்காயாத் அப்துல்லா' 1849-இல் ஜாவியில் அச்சானது. 1876-இல் சிங்கப்பூரில் 'ஜாவி பெரானாக்கான்' என்ற மலாய்ப் பத்திரிகையை நடத்தியவர்கள் இங்கே பிறந்த இந்திய முஸ்லிம்கள். அவர்களை யார் கட்டாயப்படுத்தினார்கள்? தேவைப்பட்டது, கற்றார்கள்.

நம்மைக் கேட்காமல் முடிவெடுத்தார்களே, அதுதான் நம் வழக்கு! நாம் குரல் கொடுத்த பிறகுதான், 2019 ஆகஸ்டில், ஆறு பக்கம் மூன்றானது. பெற்றோர் ஆசிரியர் சங்கம், பெற்றோர், மாணவர் சம்மதம் வேண்டும் என்று அமைச்சரவை சொன்னது. வாய் மூடி இருந்திருந்தால் இது கிடைத்திருக்குமா?

உங்கள் பிள்ளை காட் கற்க ஆசைப்பட்டால் நல்ல ஆசானிடம் அனுப்புங்கள். தடையே இல்லை. ஆனால் பள்ளியில் எது புதிதாக நுழைந்தாலும் முதலில் நம்மைக் கேட்கட்டும். பாரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வேலை முடிந்து களைப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள். எழுந்து நின்று கேளுங்கள்!