வைரஸ் மேல் பழி போடாதீர்கள்

பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி நீலத் திரை காட்டி நின்றால் நம் மெக்கானிக்குகளின் தீர்ப்பு ஒன்றுதான்: 'வைரஸ் சார், ஃபார்மேட் பண்ணிடலாம்.' பண்ணுவார்கள். கல்யாண போட்டோவும் கூலிக் கணக்கும் போகும். நீலத் திரை திரும்பி வரும்.

சாமளாபுரத்து விசைத்தறிக்காரரைக் கேளுங்கள். பாவில் ஒரே இடத்தில் இழை அறுந்துகொண்டே இருந்தால் அச்சைத்தான் பார்ப்பார். நெய்த துணியைக் கொளுத்த மாட்டார்.

இங்கே முதலில் சந்தேகப்பட வேண்டிய அச்சு, 'ராம்' எனும் நினைவகம். அதில் ஒரே ஒரு பிட் புரண்டால் போதும். 2003-ல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் மின்னணுத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4096 ஓட்டு கூடுதலாக விழுந்தது. 2-ன் 12-ஆம் அடுக்கு! பிட் புரண்டதுதான் என்றார்கள் நிபுணர்கள்.

சோதனைக்குச் செலவில்லை. 'மெம்டெஸ்ட்86+' இலவசம். சிடியிலோ பென் டிரைவிலோ ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். சிவப்பு வரி ஒன்று வந்தாலும் கோளாறுதான். கரன்ட்டைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, முனைகளை பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, பஞ்சுத் தூசியைத் தட்டி, மறுபடி மாட்டுங்கள். அப்புறமும் வந்தால் ஒவ்வொன்றாகச் சோதித்து, கெட்டதை மட்டும் மாற்றுங்கள்.

அடுத்த முறை 'வைரஸ் சார்' என்பவரிடம், 'மெமரி டெஸ்ட் பண்ணீங்களா?' என்று கேளுங்கள். முழித்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.