நான் வந்தால் அது படுத்துக்கொள்ளும்!

எங்கள் ஆபீஸ் பிரிண்டருக்கு என்னைப் பிடிக்காது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை. நிரூபிக்கப்பட்ட உண்மை. நிரூபிக்க மூன்று மாதம் ஆயிற்று.

ஆபீஸ் என்றதும் கண்ணாடிக் கதவு, ஏ.ஸி., ரிசப்ஷனில் பெண் என்றெல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். நாகர்கோவில் வடசேரியில் ஒரு மாடி. இரண்டு அறை, மூன்று மேஜை, ஒரு இரும்பு பீரோ. வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் நான், கம்ப்யூட்டரில் டைப் அடிக்கும் ஒரு பெண், பில்களைத் தேதிவாரியாக அடுக்கும் ஒரு பையன். அவ்வளவுதான் சாம்ராஜ்யம்.

பழைய பிரிண்டருக்கு ஒயர் இருந்தது. அது தரையில் குறுக்கே ஓடும். வருகிற பார்ட்டி எல்லாம் அதில் தடுக்கி, என் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் 'வணக்கம் சார்' சொல்வார்கள். வரி கட்ட வருகிறவர்கள் வாசலிலேயே விழ வேண்டாம், அதற்கு உள்ளே வேறு காரணங்கள் இருக்கின்றன என்று ஒயர் இல்லாத பிரிண்டர் வாங்கினேன். இரண்டு வருஷம் சமர்த்தாக ஓடியது.

பிறகு வந்தது வியாதி. பிரிண்ட் கொடுத்தால் கம்ப்யூட்டர் மூலையில் 'ஆஃப்லைன்' என்று வரும். பிரிண்டரோ பச்சை விளக்கை எரித்துக்கொண்டு, கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி உட்கார்ந்திருக்கும். பந்திக்கும் வராது, எழுந்தும் போகாது.

உலகத்து ஆபீஸ்கள் அத்தனையிலும் செய்கிற முதல் வைத்தியத்தைச் செய்தோம். அணைத்துவிட்டுப் போட்டோம். பிழைத்தது. பத்து நிமிஷம்.

தினமும் ஓசியில் பேப்பர் படிக்க ஒரு அண்ணாச்சி வருவார். அந்தக் காலத்து கம்பாஸிட்டர். லண்டன் மிஷன் பாதிரியார் சார்லஸ் மீட் 1820-களில் அச்சுக்கூடம் வைத்த ஊர் எங்கள் ஊர். அந்தப் பெருமையில் பாதி தனக்குச் சேர வேண்டியது என்பது அண்ணாச்சியின் அபிப்பிராயம்.

"என்னவே இது? நாங்க ஈய எழுத்தைக் கோத்து, மையைத் தடவி, சவத்த ஒரு இழுப்பு இழுத்தா அச்சு விழும். இடையில ஆருகிட்டயும் கேக்கண்டாம். நீரு பக்கத்து மேசைக்கு ஒரு தாள் அனுப்ப ஆகாசத்துக்கிட்டல்லா கெஞ்சுகேரு!"

ஆகாசத்திடம் கெஞ்சுவது ஒன்றும் புதிதல்ல. 1971-ல் ஹவாய்த் தீவுகளில் நார்மன் ஆப்ரம்சன் என்கிற பேராசிரியர், தீவுக்குத் தீவு கம்ப்யூட்டர்களை ரேடியோ அலையால் பேச வைத்தார். அதற்குப் பெயர் அலோஹாநெட். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால் இரண்டு பேச்சும் குழம்பும். பதில் வராவிட்டால் ஆளுக்கொரு அளவு பொறுத்து, மறுபடி பேசு என்பது அதில் ஏற்பாடு. இன்றைய வைஃபைக்கு அது பாட்டன். பேரன் கொஞ்சம் மரியாதை கற்றவன். முதலில் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, யாரும் பேசவில்லை என்றால்தான் பேசுவான்.

ஆக, நடுக்கடலில் தீவுக்குத் தீவு பேசி அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. என் மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவே எட்டடி. பேச்சுவார்த்தை முறிந்து கிடந்தது.

பையன்தான் முதலில் துப்பறிந்தான். வைஃபை பெட்டி இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. இரும்பு அலையை மறிக்கும். பெட்டியைத் தூக்கிச் சுவரில் மாட்டினோம். அடுத்தது, கீழே பேக்கரியில் பப்ஸ் சுட வைக்கும் மைக்ரோவேவ் அடுப்பு. அந்த அடுப்பும் சரி, எங்கள் பிரிண்டரும் சரி, 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்து அலையில்தான் வேலை செய்கின்றன. 2005-ல் இந்திய அரசு அந்த அலைவரிசையை லைசென்ஸ் இல்லாமலே உபயோகிக்கலாம் என்று திறந்துவிட்டதிலிருந்து, கார்த்திகை மாதத்துக் கன்னியாகுமரி மாதிரி எல்லோரும் அங்கேதான். அதற்குள்ளேயே 1, 6, 11 என்று மூன்று சானல்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கும். பக்கத்து ஆபீஸ்கள் எல்லாம் 6-ல் நிற்கின்றன என்று பார்த்து, பையன் எங்களை 11-க்கு மாற்றினான்.

சிக்னல் முழுசாக வந்தது. பிரிண்டர் முழுசாகப் படுத்தது.

"கண்ணு பட்டிருக்கும்" என்றாள் வீட்டுக்காரி. நான் அறிவியல் மனப்பான்மை உள்ளவன். சிரித்தேன். மறுநாள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கொண்டுபோய் ஆபீஸ் வாசலில் கட்டினேன். நம்பினால் நம்புங்கள், அன்று பிரிண்டர் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்கவில்லை! அன்றைக்கு நான் செல்போனை வீட்டில் சார்ஜரிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

அடுத்த நாள் மறுபடி ஆஃப்லைன். பழம் வாடிவிட்டதாம்.

இனி சொல்லப்போவது வேடிக்கை அல்ல.

பூதப்பாண்டிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். சின்னப் பலசரக்குக் கடை. மகளுக்கு நர்சிங் சீட் கிடைத்திருக்கிறது. கல்விக் கடனுக்கு மூன்று வருஷத்து வருமான வரி ரிட்டர்னும் கணக்கும் பாங்க்கில் கேட்கிறார்கள். அன்றைக்கு நாலு மணிக்குள் கொடுத்தாக வேண்டும். மணி மூன்றேகால். வெளியே கொட்டுகிற மழை.

எல்லாம் தயார். பிரிண்ட் கொடுத்தால், சம்பந்தி கோபம்.

அணைத்துப் போட்டோம். வரவில்லை. மறுபடி போட்டோம். அந்த மனுஷர் கையிலிருந்த மஞ்சள் பையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். எனக்கு வெப்ராளம். வெப்ராளம் வந்தால் ஆபீசில் யார்மேல் இறங்கும்? கேட்கிற ஸ்தானத்தில் இருக்கிறவர்கள்மேல்தானே?

"ஒரு பிரிண்டரை ஒழுங்காப் பாத்துக்கத் தெரியல்லன்னா எதுக்கு வேலைக்கு வாறே?" என்று அந்தப் பெண்ணிடம் கத்தினேன். பார்ட்டி முன்னால்.

அவள் பதில் பேசவில்லை. பென் டிரைவில் ஃபைலைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். குடையை பையன் எடுத்துப் போயிருந்தான். இருபது நிமிஷத்தில் திரும்பி வந்தாள். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள். தாள்கள் மட்டும் பிளாஸ்டிக் கவருக்குள், துப்பட்டாவுக்குள், ஒரு சொட்டு படாமல் இருந்தன. பூதப்பாண்டிக்காரர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் காலை என் மேஜையில் ஒரு கடிதம். 'இந்த மாதத்துடன் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன்.' கையால் எழுதியிருந்தது. 'பிரிண்ட் எடுக்க முடியவில்லை போலிருக்கிறது' என்று ஒரு ஜோக் வாய்வரை வந்தது. நல்லவேளை, வாயோடு நின்றது.

அன்று பார்த்து, சொல்லி வைத்திருந்த ரிப்பேர்க்காரத் தம்பி மார்த்தாண்டத்திலிருந்து வந்து சேர்ந்தான். பிரிண்டரைத் தொடவே இல்லை. "எப்ப எப்ப சார் நிக்கி?" என்றான்.

"எப்பவும்."

"எப்பவும்னு ஒரு நேரம் கிடையாது சார்."

அப்போது அந்தப் பெண் மேஜை டிராயரிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து அவனிடம் கொடுத்தாள். தம்பி படிக்கப் படிக்க அவன் முகம் மாறியது. என்னை ஒரு தடவை பார்த்தான். நோட்டை வாங்கிப் பார்த்தேன்.

'திங்கள். 9.20 பிரிண்டர் ஓடுகிறது. 10.05 சார் வந்தார். 10.10 ஆஃப்லைன். 1.15 சார் சாப்பிடப் போனார். 1.25 ஓடுகிறது. 2.30 சார் வந்தார். 2.35 ஆஃப்லைன்.'

'செவ்வாய். சார் கோட்டாறு போயிருக்கிறார். நாள் முழுதும் ஓடுகிறது.'

'வியாழன். சார் வந்தார். நாள் முழுதும் ஓடுகிறது. எலுமிச்சம்பழம்? சார் போன் கொண்டுவரவில்லை.'

ஆறு வாரம் இப்படி.

"ஏன் மக்ளே, இதை எங்கிட்டச் சொல்லல்ல?"

"சார் வந்தா நிக்குதுன்னு சார்கிட்டயே எப்படி சார் சொல்லுவேன்?"

தம்பி அதற்குள் ஒரு சோதனை செய்தான். எல்லோரும் செய்து பார்க்கக்கூடியது. பிரிண்டரின் நம்பர் 192.168.1.5. அதாவது எங்கள் ஆபீஸ் வலைக்குள் அதன் கதவு எண் 5. பிரிண்டரைச் சுத்தமாக அணைத்தான். பிறகு கம்ப்யூட்டரிலிருந்து '5-ஆம் நம்பர், இருக்கிறாயா?' என்று கேட்டான். இதற்கு 'பிங்' என்று பெயர். பிரிண்டர் செத்துக் கிடக்கிறது, யார் பதில் சொல்வார்கள்?

'இருக்கிறேன்' என்று பதில் வந்தது!

என் சட்டைப் பையைக் காட்டி, "சார், அந்த போன்ல வைஃபையை ஒண்ணு அணையுங்க" என்றான். அணைத்தேன். பதில் நின்றது.

விஷயம் இதுதான். கன்னியாகுமரியில் ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற ஆளுக்கெல்லாம் மேனேஜர் ரிஜிஸ்டரைப் பார்த்து ரூம் நம்பர் கொடுப்பார். வைஃபை பெட்டி செய்கிற வேலை இதுவே. 1993-ல் இதற்கு விதிமுறை எழுதி டி.ஹெச்.ஸி.பி. என்று பெயர் வைத்தார்கள். எங்கள் பிரிண்டரை மாட்டிய ஆசாமி, மேனேஜரிடம் சொல்லாமல், 'நீ நிரந்தரமாக 5-ஆம் ரூமில் இரு' என்று உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ரிஜிஸ்டரில் 5 காலி. இரண்டு வருஷம் அந்த நம்பர் யாருக்கும் போகாதது அதிர்ஷ்டம். மூன்று மாதம் முன்பு, பிரிண்டர் அணைந்திருந்த ஏதோ ஒரு நேரத்தில் என் போன் போய் ரூம் கேட்டிருக்கிறது. மேனேஜர் 5-ஆம் நம்பர் சாவியைக் கொடுத்துவிட்டார். அன்றுமுதல் தினமும் 'என் பழைய ரூம்' என்று என் போன் உரிமையோடு கேட்டு வாங்குகிறது. ஒரே ரூமில் இரண்டு பேர். கம்ப்யூட்டர் அனுப்பிய கடிதம் எல்லாம் என் போனுக்கு வந்து, அது விழித்திருக்கிறது. அச்சடிக்க அதற்கு என்ன தெரியும்?

வைத்தியம் ஐந்து நிமிஷம். ஒவ்வொரு மெஷினுக்கும் தொழிற்சாலையிலேயே கொடுத்த பன்னிரண்டு எழுத்து மாக் அட்ரஸ் உண்டு. வைஃபை பெட்டியின் செட்டிங்கில் பிரிண்டரின் அந்த எண்ணை எழுதி, 5 இதற்கு மட்டுமே என்று ரிசர்வ் செய்தான். பிரிண்டரை, நீயாக நம்பர் வைத்துக்கொள்ளாதே, மேனேஜரிடம் கேட்டு வாங்கு என்று மாற்றினான். என் போனுக்கு வேறு ரூம்.

உங்கள் ஆபீசிலும் இந்த வியாதி இருந்தால், முதலில் நேரத்தை எழுதுங்கள். கொஞ்ச நேரம் சும்மா இருந்த பிறகே நிற்கிறது என்றால் அது பிரிண்டரின் தூக்கம், செட்டிங்கில் குறைக்கலாம். அடுப்பு ஓடும்போது என்றால் அலை. கரண்ட் போய் வந்த பிறகு என்றால் நம்பர் மாறியிருக்கும். பெட்டியை மாற்றிய பிறகு என்றால், பிரிண்டருக்கு 2.4 மட்டுமே தெரிந்து, நீங்கள் 5 கிகாஹெர்ட்ஸில் கூப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். ஒரு முதலாளி வந்த பிறகு என்றால், தயவுசெய்து அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "தப்பு என்னோடது மக்ளே" என்றேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "யோசிக்கேன் சார்" என்றாள். நியாயம்தான். கத்தியது பார்ட்டி முன்னால், மன்னிப்பு மட்டும் தனியாகவா?

பத்து நாள் கழித்து பூதப்பாண்டிக்காரர் வந்தார். கடன் கிடைத்துவிட்டது. கையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர்ப் பழம், வாசனை மாடிப்படி ஏறும்போதே வந்துவிட்டது. என்னிடம் நீட்டினார். "அங்க கொடுங்க" என்று அவள் மேஜையைக் காட்டினேன். "அன்னைக்கு நிப்பாட்டினது என் போன். பழி வாங்கிக்கிட்டது இந்தப் பிள்ளை" என்று நடந்ததைச் சொன்னேன்.

அவர் சிரித்தார். பையன் சிரித்தான். அண்ணாச்சி பேப்பரை இறக்கி, "நான் அப்பமே சொன்னம்லா, மிசின்ல ஒண்ணும் இல்லன்னு" என்றார். சொல்லவே இல்லை. கடைசியாக அந்தப் பெண்ணும் கொஞ்சம் சிரித்தாள். சாயங்காலம் பார்த்தால், கடிதம் என் மேஜையில் இல்லை.

பிரிண்டர் ஓடுகிறது. வாசலில் பழைய எலுமிச்சம்பழம் சுருங்கித் தொங்குகிறது. கழற்றலாம் என்று கை வைத்தேன். "இருக்கட்டும் சார்" என்று தடுத்தாள் அவள். "எதுனால ஓடுதுன்னு இன்னும் ரெண்டு வாரம் எழுதிப் பாத்துட்டுச் சொல்லுகேன்."

நோட்டு டிராயரில் இருக்கிறது. நான் இப்போதெல்லாம் பத்து மணிக்கு ஒழுங்காக வந்துவிடுகிறேன்.