பாட்டைத் திருத்துவோர்க்கு ஒரு விண்ணப்பம்

கோயில் மேடையிலே புதிதாகப் பாடவந்த ஒருவரிடம், பாட்டு முடிந்தபின் யாது சொல்லுதல் வேண்டும்? இவ்வினா பிறவிடத்திற் சிறிதாக இருக்கலாம்; வன்னியிலே சிறிதன்று. 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரினால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் பெரும்பாலும் ஊரிழந்து அலைந்தனர். பாட்டுச் சொல்லிக்கொடுத்த முதியோர் பலரை இழந்தோம். இன்றைய இளைஞர் பலர்க்குக் கைத்தொலைபேசியே குரு. அக்குரு பாடிக் காட்டும், பிழை சொல்லாது. பிழை சொல்லும் கடமை அவையில் இருக்கும் நம்மேலதாகின்றது.

அக்கடமையை யான் ஒருமுறை மிகக் கெட்டியாகச் செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் முல்லைத்தீவுப் பக்கத்துக் கோயிலொன்றின் திருவிழாவில், உழவு இயந்திரம் ஓட்டும் இளைஞர் ஒருவர் பக்திப் பாடல்கள் பாடினார். தலைமை வகித்த யான், அவர் மேடையை விட்டு இறங்குமுன்னரே ஒலிவாங்கியைப் பற்றி, சுருதி விலகியதென்றும், ழகரம் ளகரமாயிற்றென்றும், மூச்சு வாங்கச் சொல்லைப் பிளந்தாரென்றும் அடுக்கினேன். மூன்றும் உண்மையே. அடுத்த ஆண்டு அவர் பாடவில்லை. சந்தையிலே அவருடைய தாயார் என்னைக் கண்டு, "ஐயா, தம்பி இப்ப வீட்டிலையும் பாடுறேல்லை" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

யான் சொல்லியவை உண்மையாயினும் பயனற்றவை என்பதைப் பின்னரே உணர்ந்தேன். சுருதி விலகிற்று என்றேன். ஏன் விலகிற்று என்று ஆராய்ந்தேனில்லை. திரைப்படப் பாடகர் ஒருவரைப் பின்பற்றி, தம் குரலுக்கு எட்டாத இரண்டரைக் கட்டையில் அவர் தொடங்கியிருந்தார். மேலே போகப் போகத் தொண்டை இறுகிற்று, மூச்சுப் போதாதாயிற்று, "திருவடி" என்பது "திரு" என நின்று "வடி" எனத் தொடர்ந்தது. ஆக, இரண்டு குற்றங்களுக்கு வேர் ஒன்றே. சுருதியைச் சற்றுக் குறைத்தால் இரண்டும் நீங்கும். இனி, வெளிவீதியிலே தூரத்தூர நிறுத்திய ஒலிபெருக்கிகளின் ஓசை பிந்தி வந்து பாடுவோன் காதில் மோதும். தேர்ந்தவரும் அங்கே தாளத்தைத் தவறவிடுவர். அந்தப் பழியையும் பாடியவர் தலையிலேயே சுமத்துகின்றோம்.

நம் கூத்துமரபு இதனை நன்கு அறிந்திருந்தது. மட்டக்களப்பில் அரங்கேற்றத்திற்கு முன்னர் "அடுக்குப் பார்த்தல்" என்றொரு நிகழ்ச்சி உண்டு. குற்றங்குறைகளை ஊரார் சொல்லுவது அப்போதுதான். திருத்திக்கொள்ள நாள் மிஞ்சியிருக்கும். முல்லைத்தீவுக்குப் பெயர் தந்த கோவலன் கூத்திலும், ஆடுவோன் குரல் தளரும்போது பிற்பாட்டுக்காரர் அவ்வடியைத் தாம் ஏந்திக்கொள்வர். அவன் தவறியது அவனுக்குத் தெரியும். அவையிற் பலர்க்குத் தெரியாது. இதனினும் நல்ல திருத்தத்தை யான் கண்டதில்லை. வற்றாப்பளையிற் கண்ணகிக்குப் பொங்கலிடும் நாம், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையையும் நினைத்தல் தகும். மாதவி ஏழாண்டு பயின்ற பின்னரே அரங்கேறினாள். ஆடலாசான், இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் எனத் துறைக்கொரு ஆசான் அவளுக்கு இருந்தான். பகலெல்லாம் வயலில் நின்று, மாலையிற் குளித்துவிட்டு மேடையேறுபவனை அந்த அளவுகோலால் அளப்பது நீதியாமோ?

இதனால், எவரையும் புகழ்ந்து பொன்னாடை போர்த்திவிடுக என்று யான் சொல்லுவதாக எண்ணற்க. "அருமை, அருமை" என்பது சோம்பேறியின் மொழி, கேளாமலே சொல்லலாம். எந்த அடி நன்றாக இருந்தது என்று சுட்டிச் சொல்லுபவனே கேட்டவன். அவன் பின்னர்ச் சொல்லும் குறையைப் பாடியவர் நம்புவார். அக்குறையும் ஒன்றாக இருக்கட்டும், மிஞ்சினால் இரண்டு; மறுநாள், தனியே, திருத்தும் வழியோடு.

சென்ற மாதம் அவ்விளைஞரைத் தேடி வயலுக்குப் போனேன். அன்று ஒலிவாங்கியிற் பேசியது என் பிழை என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, இயந்திரத்தை நிறுத்தினார். இரண்டாவது பாட்டின் தொடக்கம் இன்னும் என் காதில் நிற்கிறது, அதனை ஒரு கட்டை குறைத்துப் பாடிப் பார்க்கலாமோ என்று கேட்டேன். நெடுநேரம் வரம்பைப் பார்த்துக்கொண்டு நின்றவர், "ஒண்டரைக் கட்டையோ, ஐயா?" என்றார்.